உண்ணி மருந்தும் பால் மீட்டரும்

நாய் பிஸ்கட் வாங்கினால் முதலில் நான் ஒன்றைக் கடித்துப் பார்ப்பேன். மாவனல்லையில் தீவனக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவுக்கு இப்போது இது பழகிவிட்டது. முதல் தடவை மட்டும் கேட்டார்.

"நாய்க்கா வாங்குறீங்க, ஒங்களுக்கா?"

"நாய்க்குத்தான் நானா."

"அப்ப நாயைக் கூட்டி வந்து கடிக்கச் சொல்லுங்களேன்."

"அதுக்கு பஸ்ஸுல எடம் குடுக்க மாட்டாங்க."

அந்த பிஸ்கட்டில் உப்பு இல்லை, இனிப்பு இல்லை. வெறும் மாவு, கொஞ்சம் மஞ்சள் நிறம். பாக்கெட்டில் பெரிய இறைச்சித் துண்டு ஒன்றின் படம் இருந்தது. அதைக் காட்டி, "இது எங்க?" என்று கேட்டேன். "அது படம்" என்றார் நானா. நேர்மையான மனிதர். பிஸ்கட்டை வைத்துவிட்டுக் குருணை அரிசியும் கருவாட்டுத் தலையும் வாங்கிக்கொண்டு வந்தேன். நாய் அதைத்தான் சாப்பிட்டு வளர்ந்தது.

சந்தேகப்படுகிற குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஏமாற்றத் தெரிந்ததால் வந்தது. நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். காலையில் வெட்டிய பாலை மத்தியானம் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். வாளியில் ஒரு செம்பு ஓடைத் தண்ணீர் ஊற்றினால் நிறை கூடும். நான் ஊற்றியிருக்கிறேன். ஊற்றாதவன் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எவனாவது சொன்னால் அவன் பால் வெட்டாதவன்.

அதைப் பிடிக்கத்தான் கொட்டகையில் பால் நிறுக்கும் கணக்கப்பிள்ளையிடம் பால் மீட்டர் இருக்கிறது. கண்ணாடிக் குழாய். அடியில் குண்டு, மேலே காம்பு, காம்பில் கோடுகள். நல்ல பாலில் விட்டால் ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் மேலே எழும்பும். வெறும் தண்ணீரில் விட்டால் கடைசிக் கோடு வரைக்கும் எழும்பி நின்று ஆளைப் பார்க்கும். நான் பிடிபட்ட அன்று கணக்கப்பிள்ளை திட்டவில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "ஒங்க மரத்துக்கு மட்டும் நேத்து மழை பேஞ்சிச்சா?" என்று கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் தண்ணீர் ஊற்றுவதில்லை. குறைவாக ஊற்றுகிறேன் என்று மனைவி சொல்வாள்.

மனைவியும் பால் வெட்டுகிறாள். அவளுக்குக் கொடுத்திருப்பது மேல் மலை. அதற்கு மேலே காடு. காட்டுப் பன்றி இறங்கி வரும். ஒரு தடவை ஒரு பன்றி நேராக அவளை நோக்கி ஓடி வந்தது. நாய் குறுக்கே போனது. பன்றி நாயின் தொடையைக் கிழித்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து நாய் இல்லாமல் அவள் மேல் மலைக்குப் போனதில்லை. நாய் முன்னால், அவள் பின்னால். என்னிடம் பேசுவதைவிட அதனிடம்தான் அதிகம் பேசுவாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு வேலை மிச்சம்.

போன வருடம் மழை விட்டதும் நாய்க்கு உண்ணி ஏறியது. காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்து மடிப்பில். மனைவி தினமும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டையில் போட்டாள். பிடுங்கப் பிடுங்க வந்தது. நாய் சோற்றைப் பாதியில் விட ஆரம்பித்தது.

"இது போச்சின்னா நான் மேல் மலைக்குப் போக மாட்டேன். தோட்டத்துல பேரை வெட்டிக்கிட்டு வீட்டுல இருப்பேன்" என்றாள்.

சொன்னால் செய்வாள்.

அந்த நேரத்தில்தான் வேன் வந்தது. சம்பளம் போட்ட மறுநாள் எங்கள் தோட்டத்துக்கு எல்லா வேனும் வரும். பிளாஸ்டிக் கதிரை வேன், பாய் வேன், சட்டி பானை வேன். இது நாய் வேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் பாதி, சிங்களத்தில் பாதி பேசினான்.

"அன்பான அக்காமாரே, அண்ணமாரே! உண்ணி, தெள்ளு, சொறி, முடி கொட்டுறது, கண்ணுல பீளை, எல்லாத்துக்கும் ஒரே மருந்து! ஒரே குளிப்பு! வெளிநாட்டுச் சாமான்!"

மருந்து பச்சை. போத்தலில் ஒரு வெள்ளை நாயின் படம். அதன் மயிர் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. நான் போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தம்பி, இந்த நாய்க்கு உண்ணி இருந்திச்சா?"

"இருந்திச்சி அண்ணே. மருந்து போட்டதுக்கு அப்புறம் எடுத்த போட்டோ."

"போடுறதுக்கு முந்தி எடுத்தது எங்க?"

"அதைப் பாத்தா ஒங்களுக்குச் சோறு எறங்காதுண்ணே."

கூட்டம் சிரித்தது. அவனுக்கும் நல்ல வாய்தான்.

"எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துன்னா டாக்டருங்க எதுக்கு?"

"அதைத்தாண்ணே நானும் கேக்குறேன்!"

திரும்பிப் பார்த்தால் மனைவி இரண்டு போத்தலுடன் நிற்கிறாள்.

"ஒண்ணு போதாதா?"

"ரெண்டு வாங்கினா சீப்பு சும்மா குடுக்குறாங்க."

சீப்பு நாயைச் சீவுவதற்கு. எங்கள் நாயின் மயிர் ஓர் அரிசி நீளம். அந்தச் சீப்பால் இப்போது மனைவி தலை சீவுகிறாள். நல்ல சீப்பு. வேனில் வந்ததில் சொன்ன வேலையைச் செய்தது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே நாயைக் குளிப்பாட்டினோம். நுரை வந்தது. எலுமிச்சை வாசனை வந்தது. உண்ணி செத்ததா என்று குனிந்து பார்த்தோம். உண்ணிகளும் குளித்திருந்தன. ஒவ்வொன்றும் பளபளவென்று அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் விடாமல் குளிப்பாட்டினோம். லயத்திலுள்ள எல்லா நாய்களும் எலுமிச்சை வாசம் அடித்துக்கொண்டு சொறிந்தன.

நான்காம் நாள் மிச்சப் போத்தலை எடுத்துக்கொண்டு பால் நிறுக்கப் போனேன். என் வாளியை நிறுத்த பிறகு போத்தலை நீட்டினேன்.

"ஐயா, இதுல மீட்டரைப் போட்டுப் பாருங்க."

"இது என்னா, பாலா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"பால்னு யாரு சொன்னா? தண்ணியான்னு பாக்கணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். அவரும் வாங்கியிருந்தார் என்று எனக்குத் தெரியும். சும்மா கொடுத்த சீப்பு அவருடைய சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உயரக் கிளாஸில் மருந்தை ஊற்றி மீட்டரை விட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மீட்டர் ஆடியது. எழும்பியது. கடைசிக் கோட்டில் நின்றது.

"தண்ணி" என்றார் கணக்கப்பிள்ளை. என்னைப் பார்க்காமல் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் நான் பெரிய ஆளாகிவிட்டேன். ஆளுக்கொரு சாமானை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஷாம்பு வந்தது. இருமல் மருந்து வந்தது. ஒருத்தி மாமியார் வாங்கி அனுப்பிய தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்தாள். மீட்டர் அதில் முழுதாக மூழ்கிவிட்டது. நல்ல எண்ணெய் என்று தீர்ப்புச் சொன்னேன். அவளுக்கு அதில் சந்தோஷம் இல்லை. மாமியார் தப்பித்துவிட்டாள். மீட்டரில் ஒட்டிய எண்ணெயைக் கழுவிக் கழுவிக் கணக்கப்பிள்ளைக்குக் கை ஓய்ந்துபோனது.

"இது பால் நிறுக்கிற எடமா, கோர்ட்டா?" என்றார். ஆனால் நிறுத்தவில்லை. அவருக்கும் பிடித்திருந்தது.

மறு வாரம் அதே வேன் திரும்பி வந்தது. வாங்காமல் விட்டவர்களைப் பிடிக்க வந்திருப்பான். நாங்கள் தயாராக இருந்தோம். ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து அதன் மேல் உயரக் கிளாஸை வைத்திருந்தோம். கணக்கப்பிள்ளையே வந்து நின்றார். அவன் கையிலிருந்த புதுப் போத்தலை வாங்கி, அவன் கண் முன்னாலேயே ஊற்றி, மீட்டரை விட்டார். மீட்டர் பழையபடி கடைசிக் கோட்டில் போய் நின்றது.

"என்னா தம்பி சொல்றீங்க?" என்றேன்.

அவன் கிளாஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மைக்கைக் கீழே இறக்கினான்.

"அண்ணே, இது ரப்பர் பாலுக்கு உள்ள மீட்டருண்ணே. மருந்துல போட்டா இது ஒண்ணும் காட்டாது."

அப்படிச் சிரித்து நான் எங்கள் தோட்டத்தில் கேட்டதில்லை.

"எங்க வாளியில போட்டா மட்டும் காட்டும், ஒன் போத்தல்ல போட்டா காட்டாதா?" என்று ஒரு கிழவி கேட்டாள். அவளும் பிடிபட்டவள்தான்.

அவன் வேனில் ஏறிவிட்டான். அவசரத்தில் மைக்கை அணைக்க மறந்துவிட்டான். வேன் வளைந்து வளைந்து இறங்கும் வழியெல்லாம் அவன் எங்களைத் திட்டியது மலைக்கு மலை கேட்டது. சிங்களத்தில் திட்டினான். எங்கள் எல்லோருக்கும் நன்றாகவே புரிந்தது.

அந்த வாரமே நாய் படுத்துவிட்டது.

சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துப்போயிருந்தது. மனைவி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நாயின் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து, நாயைச் சாக்கில் சுற்றி, டவுனில் உள்ள மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

வைத்தியர் இளம் பெண். சிங்களத்தில்தான் பேசினோம். ஈறைப் பார்த்தார், ஊசி போட்டார். உண்ணி ரத்தத்தில் காய்ச்சலை ஏற்றியிருக்கிறது என்றார். வீட்டில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். நான் பச்சைப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சுற்றிப் பார்த்தார்.

"மாமா, இதுல என்ன மருந்து இருக்குன்னு போடல்ல. எங்க செஞ்சதுன்னு போடல்ல. பதிவு நம்பர் இல்ல. முடியிற திகதி இல்ல. நாய் மட்டுந்தான் இருக்கு."

மீட்டர் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

வைத்தியர் தன் மேசையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். சீல் உடையாமல் இருந்தது. நம்பரையும் திகதியையும் விரலால் தொட்டுக் காட்டினார். எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் காசு கொடுக்காதீர்கள் என்றார். ஒரு மூடி மருந்தை அரை வாளித் தண்ணீரில் கலக்கி உடம்பெல்லாம் ஒற்ற வேண்டும், கையில் உறை போட வேண்டும், காயும் வரை நாயை நக்க விடக்கூடாது. இன்றைக்கே செய்யுங்கள் என்றார். இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்து அரை வாளித் தண்ணீர் பிடித்தேன். ஒரு மூடி மருந்தை ஊற்றினேன். தண்ணீர் முழுதும் வெள்ளையாகிவிட்டது. அப்படியே பால்.

நான் கையை எடுத்துவிட்டேன். ஒரு மூடி போட்டதும் வாளி முழுக்க வெள்ளையாவது எனக்குத் தெரிந்த வேலை. வெள்ளையாக இருக்கிற தண்ணீரில் எனக்கு என் முகமே தெரியும்.

"என்னங்க நிக்கிறீங்க? ஒத்துங்க" என்றாள் மனைவி.

"நாளைக்கு ஒரு தடவை பாத்துட்டு ஒத்துவோம்."

"எதைப் பாத்துட்டு?"

"மீட்டர்ல."

"டாக்டரம்மா இன்னைக்கேன்னாங்க."

"ஒரு தடவை ஏமாந்தது போதாதா?"

அவளும் இரண்டு போத்தல் வாங்கியவள். அதை வைத்து நான் அவள் வாயை அடைத்தேன். நாய் சாக்கில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

மறுநாள் மத்தியானம் அந்த வெள்ளைத் தண்ணீரில் ஒரு கேன் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கணக்கப்பிள்ளை மீட்டரை விட்டார். எழும்பியது. கடைசிக் கோடு.

"தண்ணி" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"டாக்டரம்மாவுமா?" என்று வரிசையில் ஒருத்தன் சொன்னான்.

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. நாய் சாகக் கிடக்கும்போது எனக்குப் பெருமை.

அப்போதுதான் மனைவி கொட்டகைக்கு வந்தாள். வாளி இல்லை, கத்தி இல்லை. வீட்டில் நாயை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாள். வரிசையைத் தாண்டி நேராகக் கொட்டகையின் பின்பக்கம் போனாள். அங்கேதான் பாலை உறைய வைத்து ஷீட் போடுகிறோம். அதற்கு அசிட்டைத் தண்ணீரில் கலக்கிப் பீப்பாயில் வைத்திருப்பார்கள். ஒரு வாளிப் பாலைக் கட்டியாக்க அதில் கொஞ்சம் போதும். கையில் பட்டால் எரியும். அதில் ஒரு டின் மொண்டுகொண்டு வந்து கணக்கப்பிள்ளையின் மேசையில் வைத்தாள்.

"ஐயா, இதுலயும் மீட்டரைப் போடுங்க."

"அசிட்டுலயா?"

"போடுங்கங்கிறேன்."

போட்டார். மீட்டர் ஆடியது. எழும்பியது. கடைசிக் கோட்டில் நின்றது.

"என்னான்னு சொல்லுது?"

கணக்கப்பிள்ளை குனிந்து கோட்டைப் பார்த்தார்.

"தண்ணின்னு சொல்லுது" என்று அவளே சொன்னாள். டின்னில் மிச்சமிருந்ததைத் தேத்தண்ணிக் கோப்பை ஒன்றில் ஊற்றினாள். என் முன்னால் நீட்டினாள்.

"குடிங்க."

நான் கோப்பையைப் பார்த்தேன்.

"தண்ணிதானே. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. குடிங்க."

"அண்ணே, சீனி வேணுமா?" என்று வரிசையில் அதே ஆள் கேட்டான்.

நான் குடிக்கவில்லை. கணக்கப்பிள்ளை மீட்டரை எடுத்துத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அந்த வேன்காரன் அன்னிக்குச் சொன்னது நெசந்தான் போல" என்றார்.

அவன் எங்களிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதற்குத்தான் நாங்கள் அவ்வளவு சிரித்தோம். பச்சைத் தண்ணீரைச் சந்தேகப்பட்டது தப்பில்லை. போத்தலில் நம்பர் இல்லை, திகதி இல்லை, உண்ணியும் சாகவில்லை. அதைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம். எனக்குக் கொட்டகையும் கூட்டமும் வேண்டியிருந்தது.

மனைவி முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். வீட்டில் பழைய வாளியை அவள் தொடவில்லை. புதிதாகக் கலக்கினாள். கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நான்தான் ஒற்றினேன். காது, கழுத்து, விரல் இடுக்கு. நாய் தலையைத் தூக்கவில்லை. நக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அது நக்க நினைக்கவே இல்லை. நக்கினால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் சாக்கைச் சுற்றி உண்ணி உதிர்ந்து கிடந்தது. விளக்குமாற்றால் கூட்டி அடுப்பில் போட்டேன். நாய் எழும்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் எழும்பவில்லை. வைத்தியர் இன்றைக்கே என்று சொன்ன ஒரு நாளை நான் தின்றுவிட்டேன். மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன்.

நான்காம் நாள் விரலில் கஞ்சியைத் தொட்டு அதன் வாயில் வைத்தாள். நக்கியது. பிறகு கோப்பையில் நக்கியது. இரண்டாவது ஊசிக்குக் கொண்டுபோனபோது ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தது. வைத்தியர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்து, "ஹொந்தாய்" என்றார், நன்றாக இருக்கிறது என்று. இன்னொரு போத்தல் கொடுத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நம்பரைப் பார்த்தேன். திகதியைப் பார்த்தேன். சீலை நகத்தால் தட்டிப் பார்த்தேன். வைத்தியர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

அதற்கு நாலு நாள் கழித்து ஒரு காலையில் மனைவி கத்தியையும் வாளியையும் எடுத்தாள். நாய் போய் வாசலில் நின்றது. கால் கொஞ்சம் நடுங்கியது.

"வரப்போறியா?" என்று கேட்டாள்.

என்னைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் என் மலைக்குப் போனேன்.

மத்தியானம் எல்லோரும் பாலை நிறுத்துவிட்டார்கள். மேல் மலைப் பால் வரவில்லை. ஷீட் போடுகிறவர்கள் பீப்பாய்ப் பக்கம் நின்றுகொண்டு பாலை அனுப்பச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கணக்கப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை பேரு?"

"ஒரு ஆளும் நாயும்" என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். மேலே மரங்களுக்கு நடுவே நாய் தெரிந்தது. பத்து மரம் நடந்தது, உட்கார்ந்தது. தலையில் வாளியோடு மனைவியும் நின்றாள். அது எழும்பியதும் அவளும் நடந்தாள். மறுபடி பத்து மரம். மறுபடி நின்றாள். ஷீட் போடுகிறவர்களும் வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொட்டகைக்குள் வந்ததும் வாளியை இறக்கினாள்.

"ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்றார் கணக்கப்பிள்ளை.

"அது நடக்க வேணாமா?"

நாய் நேராகப் போய்த் தராசுக்கு முன்னால் நீட்டிப் படுத்துக்கொண்டது. பாலை நிறுக்க வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் வாளியைத் தூக்கி வைக்க வேண்டும். கணக்கப்பிள்ளை அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாளியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன். தாண்டி வைத்தோம்.